'டேவர்ன் கீப்பர்' என்றால் சாராயக் கடைக்காரரா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வரலாற்றைத் தமிழில் எழுதும்போது 'டேவர்ன் கீப்பர்' என்ற சொல் வந்தால், பலர் யோசிக்காமல் 'சாராயக் கடைக்காரர்' என்று போட்டுவிடுகிறார்கள். சாராயம் என்பது காய்ச்சி வடித்தது. அந்தக் காலத்து விடுதிகளில் பெரும்பாலும் ஊற்றியது பீரும் திராட்சை மதுவும்தான். 'மதுவிடுதிக்காரர்' என்பது ஓரளவு பொருந்தும். ஆனால் சொல்லைவிடப் பெரிய தவறு, அவர் வேலை கோப்பையோடு முடிந்துவிட்டது என்று நினைப்பது. தன் கூரைக்குக் கீழே நடப்பதற்கெல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பாபிலோன் மன்னர் ஹமுராபி கி.மு. 1750 வாக்கில் கல்லில் பொறித்த சட்டங்களையே பாருங்கள். விடுதியில் சதிகாரர்கள் கூடியும் அவர்களைப் பிடித்து அரண்மனையில் ஒப்படைக்காத விடுதிக்காரிக்கு மரண தண்டனை என்கிறது 109ஆம் சட்டம். பீருக்கு விலையாகத் தானியத்தை வாங்க மறுத்து, கனமான எடைக்கல்லை வைத்து வெள்ளி வாங்கினால் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள், இது 108. ஒரு ஜாடி பீரைக் கடனாகக் கொடுத்தால் அறுவடையின்போது 50 சிலா தானியம் வாங்கிக்கொள்ளலாம் என்கிறது 111. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். உழவரின் அறுவடைவரை பொறுத்திருந்து கடன் கொடுத்தவர், ஊர்ப் பேச்சு முழுக்கக் காதில் விழுகிற இடத்தில் இருந்தவர். அரசு அவரை அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்ததில் வியப்பில்லை.

மேலே 'விடுதிக்காரி' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? அந்தச் சட்டங்கள் பேசுவது பெண்ணைப் பற்றித்தான். சுமேரிய மன்னர் பட்டியலில் கீஷ் நகரை ஆண்டதாக வரும் குபாபாவும் விடுதி நடத்தியவர்தான். இங்கிலாந்திலும் இடைக்காலத்தில் ஏல், அதாவது ஹாப்ஸ் சேர்க்காத பழைய வகை பீர், காய்ச்சி விற்றவர்களில் பெண்கள் ஏராளம். ஏல் சில நாளிலேயே கெட்டுவிடும் என்பதால், வீட்டில் காய்ச்சி அக்கம்பக்கத்தில் விற்றார்கள். அப்புறம் ஹாப்ஸ் என்ற கொடியின் கசப்பான பூக்களைச் சேர்த்த பீர் வந்தது. அது நாள்பட நின்றது. தொழில் பெரிதானது, முதலீடு தேவைப்பட்டது, ஆண்கள் கைக்குப் போனது. எனவே எல்லா விடுதிக்காரரையும் 'அவன்' என்று எழுதாதீர்கள்.

ரோமானிய 'தபெர்னா'விலும் கவனம் வேண்டும். 'டேவர்ன்' அதிலிருந்து வந்த சொல்தான், ஆனால் லத்தீனில் அது எந்தக் கடையையும் குறிக்கும். செருப்புக் கடையாகவும் இருக்கலாம். அங்கே விடுதி நடத்தியவர் 'கௌபோ'. விருந்தினரின் உடைமை தொலைந்தால் ரோமானியச் சட்டம் அவரைத்தான் பிடித்தது.

இங்கிலாந்தில் தங்க இடம் கொடுப்பது இன், திராட்சை மது விற்பது டேவர்ன், ஏல் விற்பது ஏல்ஹவுஸ். மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் சட்டங்கள் புரியாது. 1552இல் உரிமம் கட்டாயமானது ஏல்ஹவுஸுக்கு.

சரி, மது விற்றவர் எங்குமே மதிப்பில்லாதவர் என்று முடிவுகட்டலாமா? ரோமில் அவர்களை இழிவாகத்தான் பார்த்தார்கள். நியூயார்க்கில் கதை வேறு. 1783 டிசம்பர் 4 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தன் படை அதிகாரிகளிடம் விடைபெற்றது சாமுவேல் ஃப்ரான்சிஸின் டேவர்னில். பின்னாளில் அவர் குடியரசுத் தலைவரானபோது, வீட்டு நிர்வாகத்தை ஒப்படைத்ததும் அதே ஃப்ரான்சிஸிடம்தான்.