விலான் போட்ட பிறகும் திறந்தே கிடக்கும் கதவு: ஃபயர்வாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சிறிய மருத்துவமனைக்கு நெட்வொர்க்கைப் பார்த்துத்தரச் சென்றிருந்தேன். காத்திருப்போர் கூடத்தில் அமர்ந்து, விருந்தினர் வைஃபையில் கைப்பேசியை இணைத்து, கணக்குப் பிரிவில் இருந்த பிரிண்டரின் ஐபி முகவரியை உலாவியில் தட்டினேன். பிரிண்டரின் அமைப்புப் பக்கம் உடனே திறந்தது. அங்கே விலான், அதாவது ஒரே ஸ்விட்ச்சில் நெட்வொர்க்கைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கும் முறை, இல்லாமல் இல்லை. விருந்தினருக்குத் தனி எண், தனி முகவரி வரிசை, தனி வைஃபை பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. விலானை உருவாக்கியதோடு பாதுகாப்பு வந்துவிட்டது என்று அமைத்தவர் நம்பிவிட்டார். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து கிளைத்தவை.

விலான் செய்யும் வேலை மிகச் சிறியது. 802.1கியூ தரப்படி, ஈதர்நெட் சட்டகத்தில் (கம்பி வழியே போகும் தரவுப் பொட்டலத்தில்) 4 பைட் நீளமுள்ள ஒரு டேக் செருகப்படுகிறது. அதில் 12 பிட்கள் விலான் எண்ணுக்கு உரியவை. 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். இந்தப் பொட்டலம் எந்தக் குழுவைச் சேர்ந்தது, அதற்கு எவ்வளவு முன்னுரிமை என்பதைச் சொல்லுமே தவிர, யார் எங்கே போகலாம் என்பதை அந்த டேக் சொல்லாது. எல்லாக் குழுக்களுக்கும் ஃபயர்வாலே கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், ஆகும்போது, விதி குறுக்கே நிற்காதவரை, ஒரு குழுவிலிருந்து வந்ததை இன்னொரு குழுவுக்கு அது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பிரிப்பது ஸ்விட்ச்சின் வேலை, தடுப்பது விதியின் வேலை. இரண்டும் சரியாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை வைத்துப் பேசுகிறேன். அதிலிருந்து கிளைத்து 2015இல் வெளிவந்த ஓபிஎன்சென்ஸிலும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஸ்விட்ச். ஃபயர்வாலுக்குப் போகும் போர்ட்டில் எல்லா விலான்களும் டேக்குடன் செல்ல வேண்டும். கணினி, கேமரா போன்றவை இணையும் போர்ட்டில் ஒரே ஒரு விலான் டேக் இல்லாமல் இருக்க வேண்டும். இதுவரை பலரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். விலை குறைந்த ஸ்விட்ச்சுகளில் பிவிஐடி என்று தனியாக ஒரு பக்கம் இருப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். டேக் இல்லாமல் உள்ளே வரும் பொட்டலத்தை எந்த விலானில் சேர்ப்பது என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கிறது. போர்ட்டை 30இல் சேர்த்துவிட்டு பிவிஐடியை 1 என்றே விட்டால், கணினி அனுப்புவது விலான் 1க்குள் போய்விடும், பதில் திரும்பி வராது. அந்தப் போர்ட்டை விலான் 1இலிருந்து நீக்கவும் மறந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: கணினிக்குப் பழைய நெட்வொர்க்கின் முகவரி கிடைத்து, இணையமும் வேலை செய்து, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

ஃபயர்வாலின் ஒரே போர்ட்டில் முதன்மை லேனை (அலுவலகத்தின் உள் நெட்வொர்க்கை) டேக் இல்லாமலும் மற்ற விலான்களை டேக்குடனும் ஓட்டுவதையும் தவிர்ப்பது நல்லது. எங்கோ ஓர் அமைப்பு தவறினால், அந்தக் கருவி நேராக முதன்மை லேனில் போய் விழும். நான் அலுவலகக் கணினிகளுக்கும் ஒரு விலான் எண் கொடுத்து, விலான் 1ஐக் காலியாக விட்டுவிடுவேன்.

அடுத்தது ஒரு சின்ன இடறல். பிஎஃப்சென்ஸில் ஒவ்வொரு விலானுக்கும் ஓர் இடைமுகம் (ஃபயர்வாலின் இணைப்புமுனை) உண்டு. புதிய இடைமுகத்துக்கு முகவரி கொடுக்கும்போது, நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் மாஸ்க் /32 என்றே நிற்கும். அதை /24 என்று மாற்றாமல் சேமித்தால், அந்த நெட்வொர்க்கில் ஃபயர்வாலைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி ஏன் வேலை செய்யவில்லை என்று மணிக்கணக்கில் தேடுபவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்.

இனி விதிகள். புதிய விலான் இடைமுகத்தில் தொடக்கத்தில் ஒரு விதியும் இருக்காது. விதி இல்லை என்றால் எல்லாமே தடை. டிஎச்சிபியை இயக்கினால் முகவரி மட்டும் கிடைக்கும், இணையம் வராது. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கை பதறுகிறது. எங்கிருந்தும் எங்கும் போகலாம் என்று ஒரு விதியைப் போட்டதும் இணையம் வந்துவிடுகிறது. எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். அந்த மருத்துவமனையில் இருந்ததும் இதே ஒற்றை விதிதான்.

சிலர் இன்னும் கவனமாக, சேரிடத்தை ‘வேன் நெட்’ என்று தேர்வு செய்கிறார்கள். வேன் என்பது ஃபயர்வாலின் இணையப் பக்க இடைமுகம்; ‘வேன் நெட்’ என்பதற்கு இணையம் என்று பொருள் இல்லை. இணைய நிறுவனம் நமக்குக் கொடுத்த இணைப்பு எந்தச் சப்நெட்டில் (முகவரி வரிசையில்) இருக்கிறதோ, அது மட்டும்தான். இந்த விதியைப் போட்டால் இணையமே வராது; கடைசியில் அவர்களும் அந்தத் திறந்த விதிக்கே திரும்புகிறார்கள்.

விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகின்றன. முதலில் பொருந்தும் விதியே செல்லுபடியாகும். பொட்டலம் எந்த இடைமுகத்தின் வழியாக உள்ளே வருகிறதோ, அங்குள்ள விதிகளே பார்க்கப்படும். எனவே விருந்தினரைத் தடுக்கும் விதியை லேன் பக்கத்தில் எழுதிப் பயனில்லை. விருந்தினர் பக்கத்தில்தான் எழுத வேண்டும். அங்கே நான் வைக்கும் வரிசை இது: ஃபயர்வாலின் விருந்தினர் முகவரிக்கு 53ஆம் போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது ஸ்விட்ச்சின் துளை அல்ல, சேவையைக் குறிக்கும் எண்) இணையப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அனுமதி, யுடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளுக்கும். அதன் கீழே, ‘இந்த ஃபயர்வால்’ என்ற சேரிடத்துக்கு மற்ற எல்லாம் தடை. பிறகு 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று தனியார் முகவரித் தொகுதிகளுக்கும் தடை. கடைசியில் மற்ற இடங்களுக்கு அனுமதி. லேனை மட்டும் தடுத்து நிறுத்திவிட்டால், அடுத்த ஆண்டு கேமராவுக்கென ஒரு விலான் சேரும்போது அதற்குத் தடை இருக்காது. மூன்று தொகுதிகளையும் சேர்த்து ஒரே பெயரில் வைத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை. தனியார் முகவரிகளைத் தடுத்த பிறகு ‘இந்த ஃபயர்வால்’ விதி எதற்கு என்று கேட்கலாம். ஃபயர்வாலுக்குப் பொது முகவரி ஒன்றும் இருக்கிறது. தடை இல்லை என்றால், விருந்தினர் அதைத் தட்டியே நிர்வாக உள்நுழைவுப் பக்கத்தை எட்டிவிடுவார்.

புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6 இயங்கும் இடங்களில் இதே வரிசையில் ஓர் ஓட்டை உண்டு. மேலே சொன்ன மூன்று தொகுதிகளும் ஐபிவி4 முகவரிகள். கடைசி அனுமதி விதியில் இரண்டு வகையையும் தேர்ந்திருந்தால், ஐபிவி6 வழியாக விருந்தினர் அலுவலகக் கணினிகளை எந்தத் தடையும் இல்லாமல் அடையலாம். உங்கள் ஐபிவி6 முன்னொட்டுக்கும் (உங்கள் முகவரிகள் எல்லாம் தொடங்கும் பொதுப் பகுதிக்கும்) தடை எழுதுங்கள். அந்த விலானில் அது தேவையே இல்லை என்றால் அனுமதியை ஐபிவி4 என்று மட்டும் வையுங்கள்.

சுவர் எழும்பிய பிறகு, கைப்பேசியில் பிரிண்டர் தென்படவில்லை என்று புகார் வரும். அத்தகைய கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் அறிவிப்பு, விலானைத் தாண்டிப் போகாது. அதற்காக விதியைத் திறந்துவிடாதீர்கள். அவாஹி என்ற கூடுதல் மென்பொருள் அந்த அறிவிப்பை மட்டும் மறுபக்கம் எடுத்துச் சொல்லும். பிரிண்டருக்கான போர்ட்டை மட்டும் தனியே அனுமதித்தால் போதும்.

வேலையைத் தொடங்கும் முன் அமைப்புக் கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஃபயர்வாலில் ஒரு போர்ட்டை விலான் எதுவும் இல்லாமல் உங்களுக்கென ஒதுக்குங்கள். நீங்கள் இணைந்திருக்கும் போர்ட்டையே மாற்றிவிட்டு, உள்ளே வர முடியாமல் நிற்கும் நிலை எளிதில் வந்துவிடும்.

மருத்துவமனையில் விதிகளைத் திருத்திவிட்டு, கூடத்துக்கு வந்து அதே முகவரியை மறுபடி திறந்து பார்த்தேன். பிரிண்டர் பக்கம் அப்போதும் வந்தது. ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளை ஃபயர்வால் தன் பட்டியலில் நினைவில் வைத்திருக்கும். புதிய விதி புதிய இணைப்புகளுக்கே பொருந்தும். அந்தக் கைப்பேசியின் பதிவுகளைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் பிழைச் செய்தி வந்தது. பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விலானின் போர்ட்டிலும் செருகி, மற்ற ஒவ்வொரு விலானுக்கும் போக முயன்று பார்த்தேன். நான்கு விலான்கள், பன்னிரண்டு திசைகள். அரை மணி நேரம் ஆனது.