பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு: கடற்கரைப் பங்குகளுக்கு

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகச் சாமியார் (பங்குக் குரு) வழக்கமாகப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். இந்தச் சடங்கில் பிசகு வருவது பெரும்பாலும் தண்ணீரிலும் துண்டிலும்தான்.

ஒரு பாதத்துக்கு 400 மில்லி போதும். பன்னிரண்டு பேருக்கு வலது பாதம் மட்டும் என்றால் 5 லிட்டர், இரண்டு பாதங்களும் என்றால் 10 லிட்டர். இராமேசுவரம் தீவிலும் மண்டபம் பக்கமும் பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பு. வெடிப்பு உள்ள காலில் அது எரியும். பித்தளைக் கூஜாவில் கறை படியும். அதனால் குடிநீரையே குடத்தில் பிடித்து வையுங்கள். கூஜாவை முந்தின நாளே புளி போட்டுத் தேய்த்துவிடலாம். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் பலருக்குக் காலில் சூடு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். முழங்கையை விட்டுப் பார்ப்பது நல்லது.

தாம்பாளம் இரண்டு வேண்டும். ஒன்றே போதும் என்று விட்டால் ஏழாவது ஆளுக்குள் அது கனத்துவிடும், பீடச்சிறுவன் கையில் தளும்பும், தரை வழுக்கும். நாலு பேருக்கு ஒருமுறை மாற்றுங்கள். நாற்காலி வரிசைக்கு முன்னால் கயிற்றுப் பாய் விரித்துவிட்டால் வழுக்கலும் இல்லை, சாமியாரின் முழங்காலுக்கும் ஆறுதல்.

துண்டு ஆளுக்கு ஒன்று. கடையில் வாங்கிய புதுத் துண்டில் கஞ்சி இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. இரண்டு முறை அலசிக் காயப்போட வேண்டும். பதின்மூன்றாவது துண்டு சாமியார் இடுப்பில் கட்ட. அது நீளமாக இருக்கட்டும். திருப்பலி மேலாடையைக் கழற்றிவிட்டு அவர் அதைக் கட்டும் அந்த நொடியை அவசரப்படுத்தாதீர்கள். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யோவான் 13-இல் ஆண்டவர் செய்ததும் அதுதான். காலர் மைக்கை முதலிலேயே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் துணி உரசும் சத்தம் கோயில் முழுக்கக் கேட்கும்.

யாரை அழைப்பது? பன்னிரண்டு என்பது வழக்கம். திருப்பலி நூல் எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை. 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) புனித வாரத்தைச் சீரமைத்தபோது இந்தச் சடங்கு மாலைத் திருப்பலிக்குள் வந்தது. ஆண்கள் மட்டும் என்றிருந்ததை 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றினார்; இறைமக்களில் யாரையும் அழைக்கலாம். நிதிக்குழுவையும் நாட்டாண்மையையும் வரிசையாக உட்கார வைத்தால் சடங்கு மரியாதை செய்யும் விழாவாகிவிடும். கடல்பாசி எடுக்கப் போகும் பெண், கருவாடு காயவைக்கும் ஆச்சி, ஐஸ் பெட்டி தூக்குபவர், பனையேறி, வெளியூரிலிருந்து வந்து படகில் கூலிக்கு இருப்பவர் என்று அன்பியம் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழு) வழியாக இரண்டு ஞாயிறு முன்பே கேட்டு வையுங்கள். இரண்டு பேர் மாற்றாகவும் வேண்டும். புதனன்று கடலுக்குப் போன விசைப்படகு வியாழன் காலையில்தான் கரை சேரும். காற்று மாறினால் தாமதமாகும்.

அழைக்கும்போதே காலைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். பார் (கடலடிப் பாறை) கிழித்த காயமோ ஆறாத புண்ணோ இருந்தால் மற்றக் காலைக் கழுவலாம். சபை நடுவில் தெரியவந்தால் அவருக்குத்தான் கூச்சம். செருப்பு நாற்காலிக்கு அடியில், சேலை நுனியைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கி, கொலுசு வீட்டிலேயே. பாதத்தைத் தாம்பாளத் தண்ணீரில் முக்க வேண்டாம். தாம்பாளத்துக்கு மேலே நீட்டினால் போதும், மேலிருந்து ஊற்றப்படும். ஒருவர் கால் பட்ட தண்ணீர் இன்னொருவர் காலில் படாது.

இனி உதவியாளர்கள். கூஜாவுக்கு ஒருவர், தாம்பாளத்துக்கு ஒருவர், துண்டுக்கு ஒருவர், வெளியே தண்ணீர் மாற்ற ஒருவர். சடங்கு நன்றாக நடந்தால் இவர்களை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எபிரேயர் 1:14 வானதூதர்களைப் பணிவிடைக்கு அனுப்பப்படும் ஆவிகள் என்கிறது. நம் கோயில் சுரூபங்களில் (சிலைகளில்) வாளும் இறக்கையும் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கும். பயிற்சியின்போது விவிலியத்தின் தோபித்து நூலைச் சொல்லுங்கள், கடற்கரைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இரபேல் சம்மனசு (வானதூதர்) வேறு பெயரில், நாளுக்கு ஒரு திராக்மா (வெள்ளிக் காசு) கூலிக்குத் தோபித்தின் மகன் தோபியாவுக்கு வழித்துணையாக வருகிறார். திக்ரிஸ் ஆற்றில் கால் கழுவ இறங்கிய தோபியாவின் காலைப் பெரிய மீன் ஒன்று கவ்வப் பார்க்கிறது. மீனைப் பிடி, பித்தப்பையையும் இதயத்தையும் ஈரலையும் எடுத்து வை என்கிறார் இரபேல். தாம் யார் என்று அவர் சொல்வதோ 12-ஆம் அதிகாரத்தில்தான், எல்லா வேலையும் முடிந்த பிறகு. கூஜாவோடு போட்டோவுக்கு நிற்கும் பையனுக்கு இதற்கு மேல் அறிவுரை வேண்டாம்.

வரிசை இப்படி. வானவர் கீதம் ('உன்னதங்களிலே' என்று தொடங்கும் புகழ்ப்பாட்டு) பாடும்போது மணிகள் அடித்து ஓயும். பிறகு பாஸ்கா இரவு (சனி இரவுத் திருவிழிப்பு) வரை மணிக்குப் பதில் மரக்கட்டைதான். நற்செய்தி, மறையுரை முடிந்ததும் பாதம் கழுவுதல். அது முடிந்து சாமியார் கை கழுவி மேலாடை அணிந்ததும் நேரே மன்றாட்டு; அன்று விசுவாச அறிக்கை கிடையாது. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் எழுந்து நகர்வதோடு சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும். பாடற்குழுவிடம் ஒரே பாட்டு இருந்தால் எட்டாவது ஆளோடு தீர்ந்துபோகும். இரண்டாவது பாட்டைச் சொல்லி வையுங்கள்.

தாம்பாளத் தண்ணீரை யாராவது பாட்டிலில் கேட்டால் அது தீர்த்தம் அல்ல என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தென்னை மூட்டில் ஊற்றலாம். துண்டுகளை அன்றிரவே அலசிவிட வேண்டும், ஆனால் வெளிக் கொடியில் போட வேண்டாம். உப்புக் காற்றில் விடியும்வரை ஈரம் போகாது, வெள்ளிக்கிழமை பூசண நாற்றம் அடிக்கும். கோயில் உள் அறையில் மின்விசிறிக்குக் கீழே கட்டுங்கள்.