அம்மா அப்பாவை ரோஸ்ட் உணவகத்துக்கு அழைத்துப்போகும் முன்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து சேரும் நம்மவர்களை முதல் இரண்டு மாதங்களுக்குள் யாராவது ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், அதாவது சூட்டடுப்பில் வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் காய்கறியும் சேர்ந்த சாப்பாட்டுக்கு அழைப்பார். உங்கள் மனைவியுடன் மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பெரியவராக இருக்கலாம். தயங்காமல் போய்வாருங்கள், இந்த நாட்டு மக்கள் குடும்பமாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும் ஒரு வேளை அது. நான் லீட்ஸ் நகரத்துக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் தாயாரை அப்படிப்பட்ட ஓர் உணவகத்துக்கு அழைத்துப்போன நாளில் நடந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மதியம் கூட்டம் அதிகம் என்பதால் இரண்டு நாள் முன்பே மேசையைப் பதிவு செய்துகொள்வது நல்லது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போனால் நல்ல கறித் துண்டுகள் தீர்ந்திருக்கும். பப் எனப்படும், மதுவும் சாப்பாடும் விற்கும் இடங்களில் சர்வர் மேசைக்கு வந்து கேட்பார் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு நீங்களே கவுன்டருக்குப் போய் வேண்டியதைச் சொல்லி, பெரும்பாலும் அங்கேயே பணமும் கட்ட வேண்டும். கார்வரி என்று பலகை போட்டிருந்தால் கையில் தட்டுடன் வரிசையில் நிற்க வேண்டும். விளக்கின் சூட்டில் வைத்திருக்கும் இறைச்சியைச் சமையற்காரர் உங்கள் கண்ணெதிரே அரிந்து வைப்பார், காய்கறிகளை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இறைச்சி ஒரு முறைதான், காய்கறிக்குப் பல இடங்களில் மறுமுறையும் போகலாம். மது விற்க உரிமம் பெற்ற இடங்களில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே விதி, ஆகவே பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ரசீதில் சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால், அது விருப்பத்தின் பேரில் கொடுப்பதா என்று பார்த்துக்கொண்டு கொடுங்கள்; டிப்ஸ் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

பெயர்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கேமன் என்றால் உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை. போர்க் என்ற சொல்லே அதில் இல்லாததால் காயல்பட்டினத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் அதை ஏதோ பறவை என்று நினைத்துத் தட்டை நீட்டிவிட்டார், நல்ல வேளையாகப் பின்னால் நின்றவர் தடுத்தார். பிக்ஸ் இன் பிளாங்கெட்ஸ் என்பது பேக்கன் சுற்றிய பன்றித் தொத்திறைச்சி. ஸ்டஃபிங் என்ற உருண்டை, ரொட்டித்தூளும் வெங்காயமும் சேஜ் இலையும் மட்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம், பன்றியிறைச்சி கலந்ததாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மின்ட் சாஸை நம் புதினாச் சட்னி என்று எண்ணி வழித்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், அதில் வினிகரும் சர்க்கரையும் தூக்கலாக இருக்கும்.

இனி, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

என் தாயார் வடலூருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் தாத்தா காலத்திலிருந்தே அந்தக் குடும்பம் சன்மார்க்க நெறியில் நிற்பது. வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறதே, அங்கே தைப்பூசத்துக்குக் காய் நறுக்கிக் கொடுக்கப் போவதை அவர் ஓர் ஆண்டும் தவறவிட்டதில்லை. உயிர்க்கொலையில் வந்த எதையும் அவர் வாயில் வைத்ததில்லை, முட்டையும் அதில் அடக்கம். அப்படிப்பட்டவரை நான் ஏன் ரோஸ்ட் உணவகத்துக்கு அழைத்துப்போனேன் என்று கேட்பீர்கள். பேரனின் பிறந்தநாள் அது. அவன் கேட்ட இடம் அது. பாட்டி இல்லாமல் போக மாட்டேன் என்றும் சொல்லிவிட்டான். உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, முட்டைக்கோஸ் என்று பத்து வகைக் காய்கறி அங்கே வரிசையாக இருக்கும், அம்மாவுக்கு அது போதும் என்று நானும் நினைத்தேன்.

நான் கவனமில்லாமல் போகவில்லை. முதல் நாளே அந்த உணவகத்தின் ஒவ்வாமைப் பட்டியலைப் பதிவிறக்கி வரி வரியாகப் படித்தேன். யார்க்‌ஷயர் புட்டிங் என்ற, ரோஸ்டோடு வரும் உப்பலான பலகாரத்தில் மாவு, பால், முட்டை என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லி வேண்டாம் என்றேன். காலிஃபிளவர் சீஸில் பாலும் கடுகும் மட்டும். ரோஸ்ட் உருளைக்கிழங்குக்கு நேரே எல்லாக் கட்டங்களும் காலியாக இருந்தன. ஒரு குறிகூட இல்லாத உணவைவிடச் சுத்தமானது வேறெது இருக்க முடியும் என்று நம்பினேன்.

அந்த உருளைக்கிழங்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரிய இரும்புத் தட்டு நிறைய, ஒவ்வொன்றும் எலுமிச்சையளவு, வெளியே பொன்னிறத்தில் ஓடு கட்டி, ஓரங்கள் மட்டும் கருஞ்சிவப்பாகி, முள்கரண்டி பட்டதும் முறுக்கு உடைவது போல ஒரு சத்தம் கேட்கும். உள்ளே இட்லியைப் போல ஆவி பறக்கும். அம்மா நான்கு துண்டுகள் சாப்பிட்டார். இந்த ஊருக்கு வந்த மூன்று வாரத்தில் அவர் விரும்பிச் சாப்பிட்ட முதல் வெளிச்சாப்பாடு அதுதான். மறுமுறை காய் எடுக்கப் போனபோது, எவ்வளவு நேரம் வறுத்தால் இந்தப் பதம் வரும் என்று அந்த மனிதரைக் கேள் என்றார். அறுபது வயது மதிக்கத்தக்க அந்தச் சமையற்காரர், வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒரு தாய் தன் சமையலைப் பாராட்டிவிட்ட பெருமையில், பக்குவம் எல்லாம் நேரத்தில் இல்லை, பீஃப் டிரிப்பிங்கில் இருக்கிறது, தட்டில் அது புகையும் வரை காய வேண்டும், அப்புறம்தான் கிழங்கைப் போட வேண்டும் என்று உற்சாகமாகச் சொன்னார்.

டிரிப்பிங் என்பது இறைச்சியிலிருந்து உருகி வடியும் கொழுப்பு. அந்தச் சொல் அம்மாவுக்குத் தெரியாது. பீஃப் தெரியும். என் முகத்தைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார். தட்டை மெதுவாக மேடையில் வைத்துவிட்டு, அந்தச் சமையற்காரருக்குக் கை கூப்பி நன்றி சொல்லிவிட்டு, மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பேரனின் பிறந்தநாள் என்பதால் கேக் வெட்டும் வரை ஒரு சொல் பேசவில்லை. அன்று இரவு குளித்து விளக்கேற்றியவர், அடுத்த நாள் முழுவதும் தண்ணீர் தவிர எதுவும் உட்கொள்ளவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

திங்கட்கிழமை காலையில் கோபத்தோடு அந்த உணவகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மேலாளர் மரியாதையாகவே பதில் சொன்னார். பட்டியலில் தவறேதும் இல்லை என்றார். நிதானமாக யோசித்தபோது அவர் சொன்னது உண்மை என்று விளங்கியது, என் எரிச்சல் அதனால் குறையவில்லை என்றாலும். இந்த நாட்டில் உணவகங்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. பால், முட்டை, மீன், நிலக்கடலை, எள், கடுகு, செலரி போன்றவை அவை. மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் வாத்துக் கொழுப்பும் அந்தப் பதினான்கில் இல்லை, ஏனென்றால் அந்தப் பட்டியல் உடம்புக்கு ஒவ்வாததைச் சொல்ல வந்தது, மனத்துக்கு ஒவ்வாததைச் சொல்ல வந்ததன்று. காலியான கட்டம் என்பதன் பொருள் அந்தப் பதினான்கும் இல்லை என்பது மட்டுமே. உருளைக்கிழங்கின் பெயருக்குப் பக்கத்தில் சைவத்துக்கான வி என்ற எழுத்து இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். கிழங்குக்கு எதற்கு அந்த எழுத்து என்று கடந்துபோய்விட்டேன்.

நம் ஊரில் இருந்து வருபவர்கள் எல்லோரும் விழக்கூடிய பள்ளம் இதுதான். அங்கே பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் எண்ணெய் முதற்கொண்டு சைவம் என்று சட்டமே பார்த்துக்கொள்கிறது. உயர்தர சைவ உணவகம் என்று பலகை போட்ட கடையில் எந்தப் பாத்திரத்தில் என்ன வெந்தது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே சைவ உணவு என்ற சொல்லுக்குச் சட்டத்தில் தனி விளக்கம் கிடையாது. பொய் சொல்லி விற்கக் கூடாது என்ற பொது விதிதான் உண்டு. வெஜிடபிள் என்று சொன்னால் அது தட்டில் உள்ள பொருளின் பெயர், அது வெந்த கொழுப்பைப் பற்றிய உறுதிமொழி அன்று. வி என்று குறியிட்டிருந்தாலும் முட்டை இருக்கலாம். முட்டையும் சாப்பிடாத பெரியவர்களுக்கு வீகன் என்று குறியிட்டதையே பாருங்கள், அதில் பாலும் நெய்யும் இருக்காது என்ற குறை ஒன்றுதான்.

இதற்கு யாருடைய வஞ்சகமும் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறைச்சியைக் கணப்பில் சுட்ட காலத்தில் அதிலிருந்து சொட்டிய கொழுப்பை வீணாக்காமல் அடியில் தட்டு வைத்துப் பிடித்தார்கள். அந்தத் தட்டில் மாவைக் கரைத்து ஊற்றியதே யார்க்‌ஷயர் புட்டிங்காக ஆனது, அந்தப் பெயர் 1747-ஆம் ஆண்டுச் சமையல் நூலிலேயே அச்சேறிவிட்டது. நம் வீட்டில் நெய் இல்லாமல் பொங்கலா என்று கேட்பதைப் போலத்தான் அந்தச் சமையற்காரருக்கு டிரிப்பிங். யார்க்‌ஷயர் பக்கம் வந்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: இங்கே மீனும் சிப்ஸும் விற்கும் கடைகள் பலவற்றில் உருளைக்கிழங்குச் சிப்ஸும் இன்றளவும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிகிறது. கிறிஸ்துமஸ் நேரத்தில் பல்பொருள் அங்காடியில் விற்கும் தயார் நிலை உருளைக்கிழங்குப் பொட்டலங்கள் சிலவற்றில் வாத்துக் கொழுப்பு இருக்கும். அங்காடியிலாவது சேர்மானப் பட்டியலை எழுதி வைக்கிறார்கள், படித்துவிட்டு எடுங்கள்.

ஆகவே கேட்கும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். "இது வெஜிடேரியன்தானே?" என்று கேட்டால், வார இறுதியில் மட்டும் வேலைக்கு வரும் கல்லூரிப் பிள்ளை, வெறும் உருளைக்கிழங்குதான் என்று சிரித்த முகத்துடன் சொல்லிவிடும், அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "உருளைக்கிழங்கை எதில் வறுக்கிறீர்கள், டிரிப்பிங்கிலா, கூஸ் ஃபேட்டிலா, வெஜிடபிள் ஆயிலிலா? சமையலறையில் கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். கிரேவிக்கும் இதே கேள்வி. காய்கறிக்கென்று தனி கிரேவி இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது என்பார்கள், ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் மேசைக்கு வருவது இறைச்சிச் சாறுதான். கார்வரியில் கரண்டிகளையும் பாருங்கள், இறைச்சிச் சாற்றில் நனைந்த கரண்டியைப் பட்டாணித் தட்டில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அம்மா அப்பாவுக்கு அங்கே சாப்பாடு வாங்குவதாக இருந்தால், வரிசையில் நிற்பதைவிட இறைச்சியில்லாமல் பருப்புக் கொட்டைகளால் செய்யும் நட் ரோஸ்ட் போன்ற தனித் தட்டைக் கேட்டு வாங்குவது நல்லது. அதிலும் முட்டையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய நேரமும் ஞாயிறு மதியம் அன்று, அப்போது சமையலறையில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி வாக்கில், மதியக் கூட்டம் ஓய்ந்து இரவுக் கூட்டம் தொடங்காத நேரத்தில் கூப்பிட்டால் சமையற்காரரே பேசுவார். நான் இப்போது போகும் இடத்தில், முன்கூட்டியே சொன்னால் நான்கு பேருக்கு வேண்டிய கிழங்கைத் தனித் தட்டில் ரேப்சீட் என்ற தாவர எண்ணெயில் வறுத்துத் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசும் வாங்குவதில்லை. கேட்பதில் கூச்சப்படாதீர்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற நம் ஊர்ப் பழக்கம் இந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

அம்மா அதன்பின் அந்த வகை உணவகத்துக்கு வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு, பேரனுக்குப் பிடித்தது என்பதால் எங்கள் வீட்டு ஓவனில் அவரே அந்த உருளைக்கிழங்கைச் செய்தார். மாரிஸ் பைப்பர் என்ற வகைக் கிழங்கு ஒரு கிலோ வாங்கி, தோல் சீவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவிட்டு வடித்து, மூடியைப் போட்டுப் பாத்திரத்தைக் குலுக்கி ஓரங்களைச் சொரசொரப்பாக்கி, மேலே இரண்டு கரண்டி ரவை தூவினார். தட்டில் எண்ணெயை ஓவனிலேயே நன்றாகக் காயவைத்து, கிழங்கைப் பரப்பி, 200 டிகிரியில் முக்கால் மணி நேரம், நடுவில் ஒரு முறை திருப்பிவிட்டார். வெஜிடபிள் ஆயில் என்று இங்கே விற்கும் மலிவான பாட்டிலே இதற்குப் போதும். ரவை தூவுவதை இங்குள்ள வெள்ளைக்காரர்களும் செய்கிறார்கள் என்று நான் சொன்னபோது, அப்படியென்றால் அந்தச் சமையற்காரருக்கும் சொல்லிவிடு, கொழுப்பே வேண்டியதில்லை என்று அம்மா மிகவும் அக்கறையோடு சொன்னார். நான் இன்னும் போய்ச் சொல்லவில்லை.