செம்பனைச் சாலையில் சூரியக் குடும்பம்: 450 மீட்டரில் அமைக்கும் முறை

பாடப்புத்தகத்துப் படத்தில் எட்டுக் கோள்களும் தோளோடு தோள் உரசி நிற்கும். வரைந்தவர் மேல் குற்றமில்லை. கோளின் உருவத்துக்கும் இடைத்தூரத்துக்கும் ஒரே அளவை வைத்தால் எந்தப் பக்கமும் போதாது. பூமி கடுகளவு தெரிய வேண்டுமானால் நெப்டியூனுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி இடம் ஒதுக்க வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட ஊர்களில் அந்த அரை கிலோமீட்டர் பள்ளிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, நேரான செம்பனை (எண்ணெய்ப் பனை) சாலையாக.

அளவு இதுதான்: சாலையில் 1 மீட்டர் என்றால் வானத்தில் 1 கோடி கிலோமீட்டர், அதாவது 10 மில்லியன். 1 மில்லிமீட்டர் என்றால் 10,000 கிலோமீட்டர். உருவத்துக்கு ஓர் அளவு, தூரத்துக்கு வேறோர் அளவு என்று ஒருபோதும் வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் இந்த வேலைக்கே அர்த்தமில்லை.

சூரியனுக்கு 14 சென்டிமீட்டர் குறுக்களவு வேண்டும். சிறிய தம்புன் பம்ளிமாஸ் ஒன்று சரியாக வரும். தையல் டேப்பைப் பழத்தின் வயிற்றுப் பகுதியில் சுற்றுங்கள். 44 சென்டிமீட்டர் காட்டினால் வாங்கலாம். காம்புப் பக்கம் குறுகியிருக்கும், அங்கே அளக்க வேண்டாம். பூமிக்கும் வெள்ளிக்கும் ஆளுக்கொரு கடுகு (1.3, 1.2 மில்லிமீட்டர்). செவ்வாய்க்கும் புதனுக்கும் ரவைத் துகள், பருமனானது செவ்வாய்க்கு. வியாழனுக்கு 14 மில்லிமீட்டர் கோலிக்குண்டு. சனிக்குக் களிமண்ணில் 12 மில்லிமீட்டர் உருண்டை பிடித்து, 27 மில்லிமீட்டர் அகல அட்டை வளையம் மாட்டுங்கள். யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் மிளகு. ஒவ்வொன்றையும் அரை மணிலா அட்டையின் நடுவில் பசை வைத்து ஒட்டிவிடுங்கள். கையில் எடுத்துப் போனால் கடுகு கீழே விழும். லாலாங் புல்லில் விழுந்த கடுகு திரும்பக் கிடைக்காது.

பூமி அட்டையில் இன்னொரு வேலை உண்டு. கடுகிலிருந்து 3.8 சென்டிமீட்டர் தள்ளி, 0.3 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலால் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். அது நிலா. மனிதன் கால் பதித்ததிலேயே தொலைவான இடம் அந்தப் புள்ளிதான்.

சூரியனிலிருந்து தூரங்கள்: புதன் 5.8 மீட்டர், வெள்ளி 10.8, பூமி 15, செவ்வாய் 22.8, வியாழன் 78, சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450. எல்லாமே பம்ளிமாஸிலிருந்து அளப்பவை. பலர் செவ்வாயிலிருந்து 78 மீட்டர் எண்ணி வியாழனை வைத்துவிடுகிறார்கள். பிறகு வரும் கோள்கள் எல்லாம் தள்ளிப் போகும்.

முதல் நான்கையும் 30 மீட்டர் டேப்பால் அளந்துவிடுங்கள். நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். அதற்குப் பிறகு செம்பனை மரங்களே அளவுகோல். பெரும்பாலான தோட்டங்களில் வரிசைக்குள் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு முக்கோணமாக நட்டிருப்பார்கள். அப்படியானால் சனி 16 மரம், யுரேனஸ் 32 மரம், நெப்டியூன் சரியாக 50 மரம். ஆனால் முதலில் நான்கைந்து இடைவெளிகளை டேப் வைத்துச் சரிபாருங்கள். சாலை வரிசையோடு போகாமல் வரிசைகளைக் குறுக்கே வெட்டிப் போனால், ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் 7.8 மீட்டர்தான் இருக்கும். அதை 9 என்று எண்ணினால் நெப்டியூன் 390 மீட்டரிலேயே நின்றுவிடும்.

தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். குலை ஏற்றும் லோரி ஓடாத நாளாகப் பாருங்கள். காலை 8 மணிக்குத் தொடங்கினால் வெயிலும் மாலை மழையும் தொல்லை தராது. பிள்ளைகள் சாலையோரத்தோடு நிற்கட்டும். மரத்தடிக்குப் போகக் கூடாது: மட்டை விழும், பாம்பும் இருக்கும்.

அளவு சரியா என்று பார்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. காகிதத்தில் அலுவலகத் துளைக் கருவியால் (பஞ்ச்) ஒரு துளை போடுங்கள். அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இருக்கும். பூமி அட்டை அருகே நின்று, கண்ணிலிருந்து 65 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அதன் வழியே பம்ளிமாஸைப் பாருங்கள். பழம் துளையை ஏறக்குறைய நிரப்பும். பௌர்ணமி இரவில் அதே துளையில் நிலாவும் அப்படியே நிரம்பும். வானத்தில் சூரியனும் நிலாவும் அதே அரை டிகிரிதான். சூரியனை மட்டும் எந்தத் துளை வழியாகவும் நேராகப் பார்க்கக் கூடாது.

ஒளியின் வேகத்தையும் சாலையிலேயே காட்டலாம். இந்த அளவில் அது நொடிக்கு 3 சென்டிமீட்டர். தரையில் 1.8 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, நிமிடத்துக்கு ஒரு கோடு என்று ஒருவரை நகரச் சொல்லுங்கள். பூமிக்கு வந்து சேர 8 நிமிடம் 20 நொடி. நெப்டியூனுக்கு 4 மணி 10 நிமிடம், அதற்குள் பள்ளியே விட்டுவிடும். சாதாரணமாக நடந்து போகும் பிள்ளை ஒளியைவிட ஏறத்தாழ 40 மடங்கு வேகத்தில் போகிறான் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால், எல்லாம் பக்கத்தில்தான் இருக்கிறது என்ற பழைய எண்ணமே திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

1977இல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இப்போது இந்தச் சாலையில் இரண்டரை கிலோமீட்டரைத் தாண்டி ஆண்டுக்கு 6 மரம் என்று போய்க்கொண்டிருக்கிறது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அது 2 சென்டிமீட்டர் உருண்டைதான். அதை ஏறத்தாழ 4,020 கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து கிட்டத்தட்ட அமிர்தசரஸ் தூரம். இடையில் வைக்க இன்னொரு விண்மீன் இல்லை.

இங்கே இந்த அளவை விட்டுவிடுங்கள். பால்வீதிக்குப் பள்ளித் திடலுக்குப் போய், 1 மில்லிமீட்டர் என்றால் 1 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் போகும் தூரம்) என்று புதிதாகத் தொடங்குங்கள். பால்வீதியின் குறுக்களவு ஏறத்தாழ 100 மீட்டர். நட்ட நடுவில் ஒரு முளை அடித்து, அங்கிருந்து 26 மீட்டரில் நமக்கு ஒரு முளை. சாலையில் 450 மீட்டர் பிடித்த தூரம் இங்கே ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. முளையின் நுனியில்கூடக் காட்ட முடியாது. அதனால் பழைய அட்டைகளைத் திடலுக்குக் கொண்டுவராதீர்கள், பிள்ளைகள் குழம்புவார்கள். நம் முளையிலிருந்து பிராக்சிமா 4 மில்லிமீட்டர், கார்த்திகைக் கூட்டம் 44 சென்டிமீட்டர். வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு மூன்று மீட்டருக்குள் அடங்கும்.

இதே அளவில் பக்கத்து விண்மீன்திரளான ஆண்ட்ரோமீடா 2.5 கிலோமீட்டர், கன்னி விண்மீன்திரள் கொத்து 54 கிலோமீட்டர், சுங்கை சிப்புட்டிலிருந்து நேர்கோட்டில் கம்பார் ஊர்ப் பக்கம். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் விளிம்பு 46,000 கிலோமீட்டர். பூமியைச் சுற்றி வந்தாலே 40,000 கிலோமீட்டர்தான்.

ஆண்ட்ரோமீடாவை நேரிலும் பார்க்கலாம். டிசம்பரில் நிலா இல்லாத, மேகமில்லாத இரவாகப் பாருங்கள். ஆலை விளக்குகளை விட்டு விலகி 9 மணி வாக்கில் வடக்கு நோக்கி நின்று, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே சற்று மேலே தேடுங்கள். கைப்பேசியை அணைத்து, கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் விடுங்கள். நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் மங்கலான வெண்திட்டாகத் தெரியும். அப்படியும் பிடிபடாவிட்டால் 7x50 பைனாகுலர் போதும்.