தொடுதிரை வாங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் ஒரு தொடுதிரையை மேசைமேல் வைத்து, லேப்டாப்பில் சொருகி, விரலால் நாலு கோடு இழுத்துப் பார்த்தார். "நல்லா வேலை செய்யுதுங்க, ஆர்டர் போட்டுடலாமா?" என்றார். பல வருடங்களுக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி. அன்று என்னை யாரும் தடுக்கவில்லை.

அளவு தப்பான திரை, தலைகீழாகச் சொருகிய கேபிள் இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை அன்றைக்கே தெரிந்துவிடும்.

ரெசிஸ்டிவ் பழசு என்று ஒதுக்குவது

ரெசிஸ்டிவ் திரை அழுத்தத்தில் வேலை செய்கிறது. மேலே வளைகிற பிளாஸ்டிக் தாள், கீழே கண்ணாடி. இரண்டின் உள்முகத்திலும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு. அழுத்தினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். அங்கே வரும் வோல்ட்டேஜை அளந்தால் இடம் தெரிந்துவிடும். அழுத்துவது விரலா, கையுறையா, பேனா மூடியா என்பதெல்லாம் அதற்கு ஒன்றுதான். படம் கொஞ்சம் மங்கும், கீறலும் விழும். ஆனாலும் தடித்த கையுறையோடு வேலை செய்கிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் கொடுக்கிறேன்.

நான்கு கம்பியா, ஐந்து கம்பியா என்று கேட்காமல் வாங்குவது

கேளுங்கள். ரெசிஸ்டிவ் திரையிலிருந்து வெளியே வரும் கம்பிகளின் எண்ணிக்கை அது. நான்கு கம்பி வகையில் மேல் தாளும் அளவீட்டில் பங்கெடுப்பதால், அது தேயத்தேய தொடும் இடம் தள்ளிப்போகும். நாள் முழுக்கத் தட்டுகிற இடத்துக்கு ஐந்து கம்பிதான்.

மேசைமேல் சோதித்துவிட்டு ஆர்டர் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நம் கைபேசியில் இருப்பது கெப்பாசிட்டிவ் திரை. அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடுகின்றன. ஒரு வரிசை சிக்னல் அனுப்பும், மற்றது கேட்கும். விரல் கிட்டே வந்தால் அந்த மின்புலத்தில் கொஞ்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்தக் குறைவைத்தான் கன்ட்ரோலர் என்கிற சிப் தொடுகையாக எடுத்துக்கொள்கிறது. குறைவு எவ்வளவு? மின்னூட்டத்தைத் தேக்கும் திறனை ஃபாரட் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு ஃபாரடை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பிக்கோஃபாரட். அதிலும் ஒரு சின்னப் பங்கு. இவ்வளவு நுணுக்கமான கணக்கைக் கெடுக்க எது வேண்டுமானாலும் போதும். மேலே ஒட்டும் கண்ணாடி தடிக்கத் தடிக்க சிக்னல் சுருங்கும். பக்கத்தில் உலோகச் சட்டம் வந்தால் அளவு மாறும்.

அப்போது ஓர் இயந்திரத்துக்கு பேனல் செய்துகொண்டிருந்தேன். மேல் கண்ணாடி ஒட்டாத வெறும் சென்சார் மேசையில் அருமையாக ஓடியது. அதை நம்பி, 6 மில்லிமீட்டர் கண்ணாடி ஒட்டிய 40 திரைகளை வரவழைத்தேன். பெட்டியில் பொருத்தி மோட்டாரை ஓடவிட்டதும் யாரும் தொடாமலே பக்கம் மாறியது. தொட்டால் வேறு பட்டன் அழுந்தியது. உணர்திறனைக் கூட்டினேன், மின் இரைச்சலும் கூடவே கூடியது. மூன்றாம் நாள் எர்த் ஒயரை அவிழ்த்துப் பார்த்தால், அதன் வளையம் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு திரும்ப முறுக்கினேன். தொல்லை பாதி அடங்கியது. மீதிப் பாதிக்குக் காரணம் கண்ணாடியின் தடிமன். ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. 40 திரையும் வீண்.

அடாப்டர் இன்னொரு பொறி. மலிவான அடாப்டரில், கருவி எல்லா வோல்ட்டேஜையும் எதை வைத்து அளக்கிறதோ அந்த கிரவுண்டே தரையோடு ஒப்பிட்டால் ஆடிக்கொண்டிருக்கும். நம் உடம்பு ஆடாது. விரல் வைத்த நொடியில் அந்த ஆட்டம் சென்சாருக்குள் சிக்னலாக நுழையும். தொடாதவரை திரை அமைதியாகவே இருக்கும் என்பதால் பலரும் இதைப் பிடிக்க மாட்டார்கள். பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் சொருகிச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

திரை கொடுக்கிறவர்கள் முதலிலேயே கண்ணாடித் தடிமனைக் கேட்கிறார்கள். அந்த இடத்தில் "பிறகு சொல்கிறோம்" என்று எழுதாதீர்கள். கடைசியாகப் போகப்போகிற கண்ணாடி, பெட்டி, அடாப்டர் மூன்றையும் சேர்த்து ஒரே ஒரு மாதிரி செய்து, அதில் கன்ட்ரோலரைச் சரிசெய்து வாங்குங்கள். பக்கத்தில் மோட்டார் இருந்தால் அதையும் ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள்.

ஈரத்தை மறப்பது

கெப்பாசிட்டிவ் திரை தண்ணீரையும் விரலென்று எடுத்துக்கொண்டு ஏமாறும். தண்ணீர் தெறிக்கும் இடமென்றால் தண்ணீர் தெளித்தே சோதியுங்கள். அப்புறம் உப்புத் தண்ணீரும். அது இன்னும் மோசமாக ஏமாற்றும்.

அகச்சிவப்புச் சட்டத்தை வெயிலில் வைப்பது

திரையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை ஓடவிட்டு, விரல் அவற்றை மறைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிற சட்டம் இது. வெயிலிலும் அதே கதிர் உண்டு. வைக்காதீர்கள்.

நிறுத்தும் பட்டனைத் திரையில் மட்டும் வைப்பது

கூடவே கூடாது. மேலே சொன்ன அந்த 40 திரை பேனலில் 'நிறுத்து' என்பதை நான்கு முறை அழுத்தியும் மோட்டார் நிற்கவில்லை. பக்கத்தில் தனியாக ஒரு சிவப்பு பட்டன் இருந்ததால் கை தப்பியது.

தம்பியின் ஆர்டர் இன்னும் போகவில்லை. மாதிரிப் பெட்டிக்கு இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். எர்த் வரும் இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.