அறிமுகம் செய்துவைத்தவரை மறந்துவிடாதீர்கள்

கோவை கொடிசியா வளாகத்தில் இன்டெக் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம், பம்பு உதிரிபாகங்களைக் கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஆர்டர் தேடி இளைஞர்கள் ஸ்டால் ஸ்டாலாக ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகள் அவர்களிடமும் தொடர்கின்றன. நேரம் தவறுவது, கைபேசியைப் பார்த்தபடியே பேசுவது போன்றவற்றை எவரும் அறிவர்; அவற்றை இங்கே எழுதவில்லை.

எடுத்த எடுப்பில் விலை பேசுவது

கண்ணெதிரே இருக்கும் பொருளிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரைக் காட்டி, "இந்த இம்பெல்லருக்கு மரப் பேட்டர்னா, அலுமினியப் பேட்டர்னா?" என்று, அதை வார்ப்பதற்கான மாதிரி உருவைப் பற்றிக் கேட்டால், வார்ப்படத் தொழிலை நேசிக்கும் ஒருவர் ஒற்றைச் சொல்லில் பதிலை முடிக்கமாட்டார்.

ஊரைக் கேட்டுவிட்டு மேலும் துருவுவது

அடுத்த கேள்வி சாதியை நோக்கியது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும். ஊரோடு நிறுத்துங்கள்.

அறிமுகம் செய்துவைத்தவருக்கு மறுசெய்தி சொல்லாதது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கோவையின் கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்த இளைஞர் ஒருவர் கேட்டுக்கொண்டதால், பம்பு நிறுவனம் ஒன்றின் கொள்முதல் அதிகாரியிடம் அவரைப் பற்றித் தொலைபேசியில் சொன்னேன். அவருக்குச் சாம்பிள் செய்யும் வாய்ப்பு கிடைத்ததும், சொன்ன தேதியில் அவர் கொடுக்காமல் விட்டதும் எனக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்து அந்த அதிகாரி, "நீங்க அனுப்புன தம்பி அப்புறம் வரவே இல்லீங்களே" என்றபோது என்னிடம் பதில் இல்லை. பிறகு நல்ல வேலைக்காரர் ஒருவர் அதே நிறுவனத்திற்கு அறிமுகம் கேட்டு வந்தார். அவருக்காக அந்த எண்ணை அழைக்க எனக்கு மனம் துணியவில்லை. ஒருவர் வாய் திறக்காததற்கு, அவருக்குச் சற்றும் தொடர்பில்லாத இன்னொருவர் விலை கொடுத்தார்.

இப்படி எப்போதாவது சந்திக்கும் மனிதர்கள்தாம் நமக்குப் புதிய வாசல்களைத் திறப்பவர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களுள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே அந்த நபரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள், 55.6 விழுக்காட்டினர் எப்போதாவது, 27.8 விழுக்காட்டினர் அரிதாகவே சந்தித்தவர்கள். நெருங்கிய நண்பர்கள் நாம் இருக்கும் வட்டத்திலேயே இருப்பதால் நமக்குத் தெரிந்ததே அவர்களுக்கும் தெரியும் என்பது அவர் தந்த விளக்கம்.

ஆகவே சந்திப்பு முடிந்த அன்றே அறிமுகம் செய்தவரை அழைத்து, என்ன பேசினீர்கள் என்று சொல்லுங்கள். ஆர்டர் கிடைத்தாலும் சொல்லுங்கள், கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள், சாம்பிள் தாமதமானால், அதிகாரி அவரை அழைப்பதற்கு முன் நீங்கள் அழையுங்கள்.

விசிட்டிங் கார்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பது

யாரிடம் எதைப் பற்றிப் பேசினீர்கள் என்பதை அன்றிரவே கார்டின் பின்புறத்தில் எழுதிவையுங்கள்.