துருசு பூட்டினாலும் தண்ணீர் ஓடும்: எடிற்றருக்குள் பிள்ளைப் புரொசெஸைக் கவனிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் தம்பி ஒருவன் சொந்தமாக ஒரு எடிற்றர் (கோட் எழுதித் திருத்தும் மென்பொருள்) எழுதுகிறான். போன கிழமை லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணை, கொம்பைல் பண்ணினா கடைசி ரெண்டு வரி சிலநேரம் வருது, சிலநேரம் வருதில்லை." கோட்டைத் திறந்து பார்த்தேன். பிள்ளைப் புரொசெஸின், அதாவது எடிற்றர் ஓடவிடும் கொம்பைலர் போன்ற வேறொரு புரோகிராமின், நிலை முழுவதும் ஒரேயொரு மாறிக்குள் இருந்தது: ஓடுது, இல்லையெண்டால் ஓடேல்லை.

புரொசெஸ் முடிவது ஒரு செய்தி, அதன் வெளியீடு முடிவது வேறொரு செய்தி. இரணைமடுக் குளத்தில் துருசை (மதகை) பூட்டிய உடனே கடைசி வயலுக்குத் தண்ணீர் நின்றுவிடுமா? வாய்க்காலில் கிடப்பது வந்து தீரவேண்டும். ஒரு புரொசெஸின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பைப்பும் அப்படித்தான். லினக்ஸில் அது வழமையாக 64 கிலோபைட் வரை பிடித்து வைத்திருக்கும். எழுதிய புரொசெஸ் செத்த பிறகும் வாசிக்காதது அங்கேயே கிடக்கும். தம்பியோ, பிள்ளை முடிந்ததென்று இயங்குதளம் அனுப்பும் சிக்சைல்ட் சிக்னல் வந்த கையோடு பைப்பை மூடிவிட்டான். கொம்பைலரின் கடைசி இரண்டு வரியும் வாய்க்காலோடு போய்விட்டன.

சொன்னதும் மறுபக்கம் சாய்ந்தான்: பைப் வற்றும்வரை காத்திருப்பது. அதுவும் பிழை. ஓடவிட்ட கட்டளை பின்னணியில் ஒரு சேர்வரைக் கிளப்பிவிட்டு முடிந்தால், பைப்பின் எழுதும் முனை அந்தப் பேரப்பிள்ளையின் கையில் இருக்கும். 'இனி ஒன்றும் வராது' என்ற முடிவுக்குறி வராது, எடிற்றர் உறைந்துபோய் நிற்கும்.

ஈமாக்ஸ் என்ற பழைய எடிற்றரின் புரொசெஸ்.சி கோப்பில் இதற்கு நிதானமான வழி இருக்கிறது. பிள்ளை முடிந்தது தெரிந்த பிறகு, தடுக்காத முறையில் பைப்பில் கிடப்பதை அள்ளி எடுக்கிறது. அதன் பிறகுதான் சென்டினல் என்ற அறிவிப்புச் சார்பைக் கூப்பிடுகிறது. நிலை மாறியதையும் மாறியதை அறிவித்ததையும்கூட அது ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்லை. டிக், அப்டேட் டிக் என்று இரண்டு எண். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சொல்லவேண்டிய செய்தி பாக்கி இருக்கிறது.

சிக்னல் வந்ததும் ஓடும் சார்பான சிக்னல் ஹாண்ட்லருக்குள் பெரிய வேலை வேண்டாம். நினைவகம் ஒதுக்குவது, திரையைப் புதுப்பிப்பது எல்லாம் பிறகு. ஈமாக்ஸ் அங்கே பிள்ளை எப்படி முடிந்தது என்று சொல்லும் மூல நிலை எண்ணைக் குறிப்பது, 'புதிது' என்று ஒரு கொடி போடுவது போன்ற சின்ன வேலைகளை மட்டும் செய்கிறது. அந்த மூல எண்ணை அப்படியே வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்! லினக்ஸில் 9 என்ற குறியீட்டோடு தானாக வெளியேறினால் மூல எண் 2304. 9ஆம் சிக்னலால் கொல்லப்பட்டால் மூல எண் வெறும் 9. பிரித்துப் பார்க்க மக்ரோக்கள் (ஆயத்தமாக எழுதி வைத்த சிறு கட்டளைகள்) இருக்கும்போது கையால் கணக்குப் பார்ப்பது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

மூன்று பிள்ளைகள் ஒரே நேரம் முடிந்தால் மூன்று சிக்சைல்ட் வரும் என்று எண்ணவேண்டாம். ஒன்றாகச் சேர்ந்து ஒரே தடவை வரலாம். அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் பிஐடி (புரொசெஸின் அடையாள எண்) சொல்லி, முடிந்த பிள்ளையின் நிலையைப் பெற்றுத்தரும் வெயிட்பிட் மூலம் கேட்கவேண்டும். மைனஸ் 1 கொடுத்து 'யாராவது' என்று கேட்டால், நீங்கள் பயன்படுத்தும் நூலகம் பெற்ற பிள்ளையையும் சேர்த்து அள்ளிவிடுவீர்கள். அந்த நூலகம் பிறகு தன் பிள்ளையைத் தேடித் திரியும்.

தம்பியின் 'நிறுத்து' பொத்தானில் கிடந்ததுதான் எனக்குப் பயம் தந்தது. முடிந்த புரொசெஸின் பழைய பிஐடிக்கே கில் என்ற கொல்லும் கட்டளை போய்க்கொண்டிருந்தது. வெயிட்பிட் அள்ளும்வரை அந்த எண் ஸொம்பியிடம் (முடிந்தும் இன்னும் அள்ளப்படாத புரொசெஸிடம்) பத்திரமாக இருக்கும். அள்ளிய பிறகு லினக்ஸ் அதை யாருக்கும் கொடுக்கலாம். உங்கள் கில் போய் விழுவது வேறு யாரோ ஒரு புரொசெஸின் தலையில். ஈமாக்ஸ் முதலில் சிக்சைல்டைத் தடுத்து, பிள்ளை உயிரோடிருக்கிறதா என்று சொல்லும் உயிர்க்கொடியைப் பார்த்து, பிறகுதான் கொல்லுகிறது. தம்பியின் கோட்டில் அந்தத் தடுப்பைப் போட நாலு வரி போதுமாயிருந்தது.